கூம்பு, உருளை, அப்பா

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறு வயதுப் பிள்ளையைச் சேர்க்கும்போது அப்பா, அம்மா இருவரில் ஒருவரை வகுப்பறை அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மாண்டிசோரி முறைப் பள்ளி அது. பரீட்சை கிடையாது, மணி அடிப்பது கிடையாது. பிள்ளை தனக்கு வேண்டிய பொருளைத் தானே எடுத்து, பாய் விரித்து, மனசு நிறையும் மட்டும் வேலை செய்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும். அப்பாவானாலும் அதே சட்டம்தான்.

சபரிநாதன் வீட்டில் யார் போவது என்று பெரிய பேச்சு ஒன்றும் எழவில்லை. மனைவி சுகன்யாவுக்கு வங்கி வேலை, நாலு நாள் லீவு கேட்டாலே முகத்தைத் தூக்குவார்கள். சபரிநாதன் கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் சரக்கைச் சோதித்து அனுப்புகிறவர். அவருடைய மேனேஜர் நல்ல மாதிரி. "அலமாரிக்கா? போயிட்டு வாங்க சார், எங்கண்ணனும் போயிட்டு வந்தவருதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"போறதெல்லாஞ் செரிங்க. அங்க போயாவது வாயை மூடிட்டு உக்காருங்க" என்றாள் சுகன்யா, அவருடைய வேட்டிகளை மடித்துக்கொண்டே.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சபரிநாதன் தங்கமான மனுஷன்தான். குடி, சீட்டு எதுவும் கிடையாது, மகள் மிருதினி என்றால் உயிர். அந்த உயிரில்தான் வினையே இருந்தது. அந்தப் பிள்ளை தாகம் என்று நினைப்பதற்குள் டம்ளர் அதன் வாயில் இருக்கும். கல்யாண வீட்டில் யாராவது குனிந்து "பாப்பா பேரென்ன?" என்று கேட்டால், "மிருதினிங்க, யுகேஜிங்க" என்று இவர் முந்திக்கொள்வார். கீழே விழுந்த பிள்ளை, அழலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குக்கூட விடாமல் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். இதனால் என்ன ஆயிற்று என்றால், மிருதினி அவரை அதுவரை ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிடுவதற்கு முன்பே வந்து நிற்கிற ஆளை எதற்குக் கூப்பிடுவது? பம்பில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற மனுஷன் இதைக் கவனிக்கவே இல்லை, பாருங்கள்.

வகுப்பை நடத்தியவர் ரெஜினா ஆன்ட்டி. அங்கே ஆசிரியர்களை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சபரிநாதனைத் துணியால் துடைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில், மரக் கூம்புக்கும் மர உருளைக்கும் நடுவே உட்கார வைத்தார்.

"கால் மரத்தா மாத்திப் போட்டுக்கலாம் சார். ஆனா பொருள் பேசக்கூடாது. தப்பு வந்தா குழந்தையே கண்டுபிடிச்சுக்கும்" என்றார்.

ஒரு பொருளை அறிமுகப்படுத்துவதற்கு அங்கே மூன்று படி உண்டு. முதலில் பெயரைச் சொல்வார்கள். அடுத்து, பெயரைச் சொல்லி எது என்று காட்டச் சொல்வார்கள். கடைசியில் பொருளைத் தொட்டு, இது என்ன என்று கேட்பார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் யாரும் திருத்த மாட்டார்கள். பாயைச் சுருட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். பிறகு அந்தப் பிள்ளையாக வந்து கேட்டால்தான் மறுபடியும். அப்பா அம்மா விஷயத்தில் மட்டும் ஒரு சலுகை இருந்தது: கடைசிக் கேள்விக்கு எந்தப் பிள்ளை பதில் சொல்கிறதோ, அந்தப் பிள்ளை அன்று சாயங்காலமே அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்.

மிருதினியின் முறை சீக்கிரமே வந்தது. ரெஜினா ஆன்ட்டி பாய் விரித்து மூன்றையும் வரிசையாக வைத்தார். சபரிநாதன் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"இது கூம்பு. இது உருளை. இது அப்பா."

மிருதினி மூன்றையும் தடவிப் பார்த்தாள். அவருடைய மீசையில் கொஞ்ச நேரம் கை நின்றது.

"அப்பா எங்கே, காட்டு."

சரியாகக் காட்டினாள்.

ஆன்ட்டி கூம்பைத் தொட்டார். "கூம்பு" என்றாள். உருளையைத் தொட்டார். "உருளை" என்றாள். பிறகு சபரிநாதனின் முழங்காலைத் தொட்டு, "இது என்ன?" என்றார்.

மிருதினி யோசித்தாள். அவளுடைய உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. தொண்டைக்குள் எங்கேயோ அது ஏறி வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருந்தால் வந்திருக்கும். ஐயோ, பிள்ளை திணறுகிறதே என்று இந்த மனுஷனுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா" என்றார் சபரிநாதன்.

மிருதினி வாயை மூடிக்கொண்டாள். சொல்லியாகிவிட்டதே, இனி அவள் எதற்குச் சொல்ல வேண்டும்? ரெஜினா ஆன்ட்டி கோபிக்கவில்லை. "இன்னொரு நாள் பாக்கலாம் கண்ணு" என்று பாயைச் சுருட்டினார். மிருதினி கூம்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

பெற்றோர் வந்து பார்ப்பதற்கென்று அந்த வகுப்பில் ஒரு குட்டி நாற்காலி உண்டு. அன்று அதில் உட்கார்ந்து சுகன்யா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பேசக்கூடாது. ஆனாலும் போகிற போக்கில் அலமாரிப் பக்கம் குனிந்து, "படிச்சுப் படிச்சுச் சொன்னனா இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அவள் கண் கலங்கியிருந்தது. சபரிநாதனுக்குத் தன் வாயையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மிருதினியாக வந்து கேட்பாள் என்று காத்திருந்தார். அவளுக்கு நேரமே இல்லை. ஆயிரம் மணி கோத்த சங்கிலியை வராந்தா நெடுக விரித்து எண்ணினாள். எரிமலை செய்தாள். பூமியில் உயிர் தோன்றிய கதையைச் சிநேகிதிகளோடு சேர்ந்து துணிச்சுருளில் வரைந்தாள். அந்தத் துணி சுருண்டுகொள்ளாமலிருக்க அவரைத் தூக்கிவந்து டைனோசர் முனையில் உட்கார வைத்தாள். அன்று முழுக்க அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தார். அவள் மீனுக்கு முன்னால் தவளையை வரைந்துவிட்டாள். சபரிநாதன் பல்லைக் கடித்துக்கொண்டார். மத்தியானம் போல அவளே "அட, தப்பு!" என்று சிரித்து அழித்துவிட்டு மாற்றி வரைந்தாள். இவ்வளவுதானா விஷயம் என்றிருந்தது அவருக்கு. இதை முன்னாடியே கற்றுக்கொள்ளாத பாவியாகிவிட்டேனே என்று அன்றைக்கெல்லாம் மனசு அரித்தது.

மற்ற பிள்ளைகளும் அவரை எடுப்பார்கள். ஒரு பொடியன் அவர் வயிற்றைச் சுற்றி நூல் கட்டிப் பூமத்திய ரேகை படித்தான். யார் எடுத்தாலும், என்ன செய்தாலும், சபரிநாதன் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை. அலமாரியிலேயே நல்ல பொருள் அவர்தான் என்று ரெஜினா ஆன்ட்டி சொல்ல ஆரம்பித்திருந்தார்.

மிருதினி வளர்ந்து அந்த வகுப்பிலேயே பெரிய பிள்ளைகளில் ஒருத்தியானாள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குப் பொருள் அறிமுகப்படுத்துவது அங்கே வழக்கம். அந்த ஜூனில் நட்சத்ரா என்றொரு குட்டி சேர்ந்தாள். அவளுடைய அப்பாவை மேல்தட்டில் வைத்திருந்தார்கள். ஆள் கொஞ்சம் கனம், இறக்குவது சிரமம். மிருதினி அலமாரிப் பக்கம் வந்து, கைக்கு எட்டிய சபரிநாதனை எடுத்தாள்.

பாய் விரித்தாள். கூம்பு, உருளை, அவர்.

"இது கூம்பு" என்றாள். "இது உருளை" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "இது..." என்று நிறுத்தினாள்.

சபரிநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் அவருடைய வாயையே பார்த்தாள், அங்கிருந்து ஏதோ வரும் என்பது போல. அவர் உதட்டைப் பூட்டிக்கொண்டார். சொல்லு சாமி, நீயே சொல்லு, எவ்வளவு நேரமானாலும் சரி என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

"இது அப்பா" என்றாள் மிருதினி.

எவ்வளவு தெளிவாக இருந்தது தெரியுமா! சபரிநாதனுக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இந்த ஒரு சொல்லுக்காக இன்னொரு அலமாரியில்கூட ஏறி உட்காரலாம் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில், அவள் அதை யாரிடம் சொல்கிறாள் என்பதை அவர் யோசிக்கவில்லை.

"அப்பா எங்கே, காட்டு" என்றாள் மிருதினி. நட்சத்ரா காட்டினாள்.

"இது என்ன?"

நட்சத்ரா ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். இவள் பதில் சொல்லிவிட்டால் இவளோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அப்போதுதான் சபரிநாதனுக்கு உறைத்தது. ஒரு வார்த்தை முந்திச் சொன்னால் போதும், பாயைச் சுருட்டிவிடுவார்கள். வாயைத் திறக்கப் பார்த்தார். இத்தனை வருஷம் பழக்கிய வாய், அது திறக்கவில்லை.

"அப்பா" என்றாள் நட்சத்ரா.

ரெஜினா ஆன்ட்டி தலையசைத்தார். மிருதினி கூம்பையும் உருளையையும் திருப்பி வைத்துவிட்டு, காலியான இடத்தை ஒரு தடவை துடைத்தாள். மேல்தட்டிலிருந்து நட்சத்ராவின் அப்பா மெல்ல இறங்கி வந்து அங்கே உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் வாசலில் சுகன்யா ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். நட்சத்ரா அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்தாள். பிறகு கணவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "அவங்க வீட்ல உப்பு கம்மியாப் போடச் சொல்லுங்க. உங்களுக்கு பிரஷர் இருக்குது" என்றாள்.

"செரி" என்றார் சபரிநாதன்.

மிருதினி பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வண்டி கிளம்பும்போது திரும்பி, "நட்சத்ரா, அப்பாவை ஈரத்துணியில தொடைக்காத. காஞ்ச துணி" என்றாள்.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நட்சத்ரா தன் பையைத் திறந்து, டிபன் டப்பாவை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணி, அவரை உள்ளே வைத்தாள். ஜிப்பைப் பாதி இழுத்துவிட்டு, குனிந்து, "அப்பா... காத்து... காத்து வருதா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்து, "வருது கண்ணு" என்றார் சபரிநாதன்.