எலிக்கும் பால் கட்டும்

திரையில் இரண்டு கோடும் ஒன்றாகவே நின்றன. சிவப்புக் கோடு, குட்டிகளோடு இருந்த தாய் எலிகளுக்கு. நீலக் கோடு, பகலெல்லாம் குட்டிகளைப் பிரித்து வைத்த தாய் எலிகளுக்கு. நீலம் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. சிவப்பின் தோளில் கை போட்டுக்கொண்டு ஜோராகப் போனது. எனக்குக் கம்ப்யூட்டரையே தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல வந்தது.

என் ஆராய்ச்சியைச் சொல்வது சுலபம், செய்வதற்குத்தான் உயிர் போகிறது. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஓர் இடம். அங்கே சில செல்கள் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைச் செய்கின்றன. குட்டி வாய் வைத்ததும் தாய்க்குப் பாலை இறக்குவது அதுதான். அதோடு விடாமல் மூளைக்குள்ளேயும் கசிந்து, எந்த மரபணு வேலை செய்யலாம், எது சும்மா கிடக்கலாம் என்று பக்கத்துச் செல்களையும் அது ஆட்டிவைக்கிறது என்பது என் கணிப்பு. குட்டியைப் பிரித்தால் ஹார்மோன் குறையும், அந்த மரபணுக்களும் அடங்கும். இதைக் காட்டிவிட்டால் டாக்டர் பட்டம். காட்டாவிட்டால் என் பதிவு இந்த வருஷத்தோடு ரத்து. கெஞ்சிக் கெஞ்சி வாங்கிய அவகாசமெல்லாம் தீர்ந்துவிட்டது.

"கெமிக்கல் கெட்டுப்போயிருக்கும்மா. இன்னொரு வாட்டி பண்ணிடு" என்றார் என் கைடு வெங்கடாசலம் சார், டீயை ஆற்றிக்கொண்டே. இன்னொரு வாட்டியாம். தோசை ஊற்றுகிற மாதிரி.

என் பாப்பாவுக்கு அப்போது ஐந்து மாதம். விழுப்புரத்தில் அவளை விட்டுவிட்டு விடிந்ததும் பஸ் பிடிப்பேன். ரயில்வேயில் இரவு வேலை முடித்து வரும் என் கணவர் தேவா, தூங்கி வழிந்துகொண்டே அவளைப் பார்த்துக்கொள்வார். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்போதே மார் கனக்க ஆரம்பிக்கும். திண்டிவனத்தில் நான் பாடம் நடத்தும் பார்மசி காலேஜுக்கு வந்து, முதல் வகுப்பு முடிவதற்குள் கல்லாக இறுகிவிடும். பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பீச்சி ஊற்றுவேன். பெற்ற பிள்ளைக்குப் போக வேண்டிய பால் சாக்கடையில் போகிறதே என்று எரிச்சலாக இருக்கும். சில நாள் அழுதும் இருக்கிறேன்.

இந்த லட்சணத்தில் இரண்டாவது முறையும் ஆரம்பித்தேன். கரண்ட் போனால் ஃப்ரீசர் கெடும் என்று ஜெனரேட்டர்காரரிடம் சண்டை போட்டேன். கெமிக்கலைப் புதிதாக வாங்கினேன். எல்லாரையும் சந்தேகப்பட்டேன், எலிகளைக்கூட. கீழே இருந்த எலி அறைக்குள் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் காலேஜில் அப்படித்தான். எலியைத் தொடுவது அட்டெண்டர் வேலை, அளந்து எழுதுவது எங்கள் வேலை. காலையில் குட்டிகளை எடுத்து வெதுவெதுப்பான வேறு பெட்டியில் போட்டு, சாயங்காலம் தாயிடம் திருப்பி விடுவது ஜெசிந்தா அக்காவின் பொறுப்பு. கிளியனூரிலிருந்து வருகிறவர், ஒரு நாள் லீவு போட்டதில்லை.

அன்றைக்கு மூன்றாம் வருஷப் பிள்ளைகள் மொத்தமாக வகுப்பைக் கட் அடித்துவிட்டார்கள். சும்மா இருக்கிறோமே என்று எலி அறைக் கதவைத் திறந்தேன். குட்டிப் பெட்டிகள் எல்லாம் காலி. கூண்டுகளில் தாய்கள் சாய்ந்து படுத்திருக்க, குட்டிகள் வயிற்றில் ஒட்டிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தன. கடைசிக் கூண்டின் முன்னால் அக்கா, உள்ளங்கையில் ஒரு குட்டியோடு நின்றார்.

"என்னக்கா பண்றீங்க?"

"வந்துட்டீங்களா மேடம்" என்றார். கையை மறைக்கக்கூட இல்லை.

"தினமுமா?"

"நீங்க மேல போனதும் வுட்டுருவேன். நீங்க எட்டிப் பாத்துட்டா என்னாவும்னு சாயங்காலம் எடுத்துப் போட்டுக்கினு, அப்பறம் திரும்ப வுடுவேன்."

"போன தடவையும்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. என் படிப்பு, என் பிள்ளை, பஸ்ஸில் போன என் பொழுதெல்லாம் உங்களால் நாசமாகப் போயிற்று என்று கத்தியிருப்பேன். அக்கா குட்டியைத் தாயிடம் இறக்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"பால் கட்டிக்கினா எப்பிடி நோவும்னு உங்களுக்குத் தெரியாதா மேடம்? பாத்ரூம்ல நின்னுக்கினு நீங்க அழுவுறது வெளிய கேக்குது. உங்களப் பாத்துட்டுதான் எனக்கு மனசு கேக்கல. உங்களுக்குப் பீச்சி ஊத்தக் கையிருக்குது. இதுங்க என்ன பண்ணும்?"

கோபம் அடங்கிவிட்டது என்று சொன்னால் பொய். அடங்கவே இல்லை. அதைக் கொட்டத்தான் இடமில்லாமல் போயிற்று. இரண்டு முறை என் ஆராய்ச்சியைக் கெடுத்தது நான் அழுத அழுகை. இதை வெங்கடாசலம் சாரிடம் எந்த வாயால் சொல்வது? கெமிக்கல்தான் சார் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஈற்றுக் குட்டிகள் வந்தன. இதுதான் கடைசி வாய்ப்பு. கூண்டுக்கு முன்னால் நின்று அக்காவைப் பார்த்தேன்.

"நீங்களே எடுத்துக்குங்க மேடம். சத்தியமா இனிமே கை வெக்க மாட்டேன், திருப்பியும் வுட மாட்டேன். ஆனா என் கையால பிரிக்கச் சொல்லாதீங்க."

கையுறையை மாட்டிக்கொண்டு முதல் குட்டியைத் தூக்கினேன். இன்னும் கண் திறக்காதது. கத்திக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சத்தம் மனிதக் காதுக்கு எட்டாது என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன். என் விரலை முட்டி முட்டி வாயால் தேடியது. அவ்வளவுதான், எனக்குப் பால் இறங்கிவிட்டது. என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்தச் செல், எந்த ஹார்மோன், எல்லாம் தெரியும். தெரிந்து என்ன, நிறுத்தவா முடிந்தது? சட்டை இரண்டு பக்கமும் நனைந்தது. கூண்டுக்குள் தாய் எலி மூலைக்கும் மூலைக்கும் ஓடியது.

எடுத்தேன். ஒன்று விடாமல் எடுத்துப் பெட்டியில் போட்டேன். பட்டம் வேண்டுமே எனக்கு. கடைசிக் கூண்டை மூடும்போது, இந்தக் கருமம் பிடித்த படிப்பை என்றைக்குத் தொடங்கினேனோ என்று வாய்விட்டே சொன்னேன்.

மேலே வகுப்புக்கு மணி அடித்தது. ஜெசிந்தா அக்கா ஆணியில் தொங்கிய தன் துண்டை எடுத்து உதறி நீட்டினார்.

"மேல போட்டுக்குங்க. புள்ளைங்க முன்னால இப்பிடியேவா போவீங்க?"

வாங்கிப் போர்த்திக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் மாடிப்படி ஏறினேன்.