இருபத்தாறு திங்கட்கிழமைகள்

"கால ஆட்டாதய்யா. ஆட்டினா துணி ஒட்டிக்கும்."

அப்பாதுரையின் வலது கால் பாஞ்சாலியின் மடியில் இருந்தது. கட்டைவிரலுக்கு அடியில் இருந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. சர்க்கரை இருக்கிற உடம்பு. பழைய புடவையைக் கிழித்து அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாலிஷ் போட்ட பூட்ஸ் இருந்தது. அதற்குள் இந்தக் கால் எப்படிப் போகும் என்று இருவருக்கும் தெரியவில்லை.

அறையில் இருந்த ஒரே நாற்காலியில் கோவிந்தன் உட்கார்ந்திருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் யாருக்கு எந்த நேரம் என்ன டியூட்டி என்று எழுதுகிற ரைட்டர் அவர். ஜீவனஹள்ளியின் இந்தச் சந்துக்குள் அவர் இதற்கு முன் வந்ததில்லை. காலை ஏழு மணிக்கே மொபெட்டில் வந்து, அரிசி டின்னின் மூடிமேல் ஒரு தடித்த ரிஜிஸ்டரை விரித்து வைத்திருந்தார்.

"ஜல்திப்பா. ஒம்பது மணிக்கு கமிட்டி வந்துடும். எல்லாரும் கையெழுத்து போட்டுட்டாங்க. நீ ஒருத்தன்தான் பாக்கி."

"எத்தினி போடணும்ணா?"

"இருபத்தாறு. ஜூலைலருந்து டிசம்பர் வரைக்கும். உனக்கு வார லீவு திங்கக்கெழம."

பாஞ்சாலி தலையை நிமிர்த்தினாள். "எனக்குத் தெரியாம எப்பணா இவருக்கு லீவு விட்டீங்க? அந்த நாள்ல வேற எங்கயாவது குடும்பம் வச்சிக்கினு இருந்தாரா?"

கோவிந்தன் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "என்னை இன்னாம்மா கேக்குற? நானும்தான் போட்டேன், இருபத்தாறு. எனக்கு வியாழக்கெழம."

"போடலைன்னா?"

"அத்திபெலே செக்போஸ்ட். பார்டர்ல பகல் பூரா நின்னுக்கினே இருக்கணும். இந்தக் காலோட."

அப்பாதுரை பேனாவை வாங்கினான். முதல் கையெழுத்தை நிதானமாகப் போட்டான். ஐந்தாவது போடும்போது பெயரில் பாதி போய்விட்டது. கடைசியில் வெறும் ஒரு கோடு. பாஞ்சாலி அந்தப் பக்கம் பார்க்காமல் சாக்ஸின் நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். பூட்ஸை வெட்ட முடியாது. அது சர்க்கார் சொத்து.

அந்த ஸ்டேஷனில் மொத்தம் அறுபத்திரண்டு பேர். அதில் பதினான்கு பேர் ஸ்டேஷன் பக்கமே வருவதில்லை. அதிகாரிகளின் வீடுகளில் ஆர்டர்லி வேலை செய்தார்கள். மிச்சமிருந்த நாற்பத்தெட்டு பேர் அறுபத்திரண்டு பேரின் வேலையைச் செய்தார்கள். ஊர்வலம், திருவிழா, மந்திரி வருகை என்று வந்துவிட்டால் வீட்டு வேலை முடித்த ஆர்டர்லிகளும் பந்தோபஸ்துக்குப் போய் நிற்க வேண்டும். அதனால் யாருக்கும் வார லீவு கிடையாது. கூடுதல் நேரம் என்பதற்கு ரிஜிஸ்டரில் பத்தியே கிடையாது. காகிதத்தில் அப்பாதுரை கடைவீதி ரோந்து. நிஜத்தில் இரண்டு வருடமாக உதவி கமிஷனர் கஸ்தூரிரங்கன் வீட்டில் வெளி டியூட்டி.

அந்த வீட்டில் டியூட்டி இரண்டு வகை. உள் டியூட்டி என்றால் சமையல், பூஜைப் பாத்திரம், பிள்ளைகளை ஸ்கூலில் கொண்டுபோய் விடுவது. வெளி டியூட்டி என்றால் நாய், கார், தோட்டம், கக்கூஸ். யார் உள்ளே, யார் வெளியே என்று எந்த உத்தரவும் எழுதப்பட்டதில்லை. புது கான்ஸ்டபிள் வந்ததும் ஐயாவின் மனைவி ஜெயலட்சுமி அன்பாகவே விசாரிப்பாள். பெயர் என்ன, சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு. மூன்றாவது பதில் வந்ததும் டியூட்டி முடிவாகிவிடும். அப்பாதுரை சொன்ன பதிலுக்கு, பின்பக்கத் தோட்டக் குழாயடியில் தனியாக ஒரு டம்ளர் கிடைத்தது.

ஜுரம் வந்த நாட்களிலும், ராத்திரி பந்தோபஸ்து முடிந்து கண் திறக்க முடியாமல் கிடந்த நாட்களிலும் அவனுக்குப் பதிலாகப் பாஞ்சாலி போவாள். வேலை நடந்தால் போதும் என்று மேடமும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த டம்ளரை இவளும் பயன்படுத்தினாள்.

இப்போது, போலீஸ் செலவையும் ஆள் கணக்கையும் வேலை நேரத்தையும் பார்க்க அரசாங்கம் மூன்று பேர் கமிட்டி போட்டிருந்தது. அவர்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்த் தலை எண்ணினார்கள். ஆர்டர்லிகள் எல்லாரும் அன்று ஒருநாள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

கோவிந்தன் ரிஜிஸ்டரை மூடிக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பைப் போடும்போது தயங்கினார்.

"இன்னொண்ணும்மா. கமிட்டிக்காரங்களுக்கு மத்தியானம் ஐயா வீட்டுலதான் சாப்பாடு. ஆளுங்க எல்லாம் பரேடுக்கு வந்துட்டா அங்க யாரும் இல்ல. உங்கள வரச் சொன்னாங்க. எல்லார் வீட்டுலயும் சொல்லியிருக்கு."

பாஞ்சாலி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அவர எண்ணுறதுக்கு, என்னைக் கூப்புடுறாங்களா?"

கோவிந்தன் மொபெட்டை உதைத்தார். அது மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

பத்து மணிக்கு ஐயா வீட்டின் பின்கேட்டில் ஐந்து பெண்கள் நின்றார்கள். ஜெயலட்சுமி மூன்று பேரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். பாஞ்சாலியும், பெட்டி என்கிற இன்னொருத்தியும் குழாயடியில் நின்றார்கள். பெட்டி, ரவிக்குமார் என்கிற கான்ஸ்டபிளின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்.

"ஏசு வந்து என்னை மாத்திட்டாருன்னு எங்கம்மா சொல்லும்" என்றாள் பெட்டி, குவிந்து கிடந்த பாத்திரங்களைப் பார்த்து. "இந்த மேடம் கண்ணுக்கு மட்டும் இன்னும் தெரியல போல."

"நாய்க்கு சோறு வச்சிட்டு வா. அது உன்னைத் தெரு கேக்காது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு வேலை ஆரம்பித்தது. பிரியாணி அண்டா, பாயசக் குண்டான், வாடகைக்கு வந்த பீங்கான் தட்டுகள். ஜனவரி மாதத் தண்ணீர் விரல்களை மரத்துப்போக வைத்தது. பாஞ்சாலியின் மனம் ஸ்டேஷன் மைதானத்தில் இருந்தது. இந்நேரம் அவர் எத்தனை மணி நேரமாக நிற்கிறாரோ.

ஒன்றரை மணிக்குக் கார்கள் வந்தன. உள்ளே பேச்சும் சிரிப்பும் கேட்டன. கணக்கு சரியாக இருக்கிறது, அறுபத்திரண்டுக்கு அறுபத்திரண்டு பேர் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்வது ஜன்னல் வழியாக வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் உள்ளே வாஷ்பேசினில் கூட்டம். கமிட்டியில் இருந்த ஃபாத்திமா என்கிற அம்மாள், எச்சில் கையோடு பின்வாசலுக்கே வந்துவிட்டாள். கணக்குத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாஞ்சாலி மக்கில் தண்ணீர் மொண்டு அவள் கையில் ஊற்றினாள்.

"ஷுக்ரியாம்மா. சாப்ட்டியா நீ?"

"அப்புறம் சாப்புடுவேங்க."

ஜெயலட்சுமி டவலோடு வேகமாக வந்தாள். "ஐயோ, நீங்க ஏன் இங்க வந்தீங்க? இவ நம்ம வீட்டு வேலைக்காரி. நல்ல பொண்ணு."

"என்னாம்மா சம்பளம் குடுக்குறாங்க?" ஃபாத்திமா சும்மாதான் கேட்டாள். முப்பது வருடப் பழக்கம்.

பாஞ்சாலி மக்கைக் கீழே வைத்தாள். அத்திபெலே ஞாபகம் வந்தது. செக்போஸ்ட்டில் லாரிப் புகைக்கு நடுவில் அவர் நிற்பது தெரிந்தது. பூட்ஸுக்குள் இந்நேரம் நனைந்திருக்கும் துணியும் தெரிந்தது. இந்த அம்மாள் போய்விட்டால் இனி கேட்க யாரும் வரப்போவதில்லை.

"நான் வேலைக்காரி இல்லீங்க. கான்ஸ்டபிள் அப்பாதுரையோட சம்சாரம். அவருக்கு இங்கதான் டியூட்டி, ரெண்டு வருஷமா. இன்னிக்கு அவர உங்ககிட்ட காட்டணும்னு அங்க கூட்டிக்கினு போய்ட்டாங்க. அதான் நான்."

பெட்டி தேய்ப்பதை நிறுத்தினாள்.

"எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி பழகறோம்" என்றாள் ஜெயலட்சுமி. குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "அவங்களா ஆசைப்பட்டு வராங்க. ஒரு விசேஷம்னா வர மாட்டாங்களா?"

ஃபாத்திமா பாஞ்சாலியையே பார்த்தாள். "அப்பாதுரை. ரிஜிஸ்டர்ல பார்த்தேன். எல்லா வாரமும் லீவு எடுத்திருக்கார். கையெழுத்து இருக்கே. அவர் போட்டதில்லயா அது?"

"கையெழுத்து அவருதுதான். நாள் அவருது இல்லீங்க." அவள் குனிந்து தன் கால் கட்டைவிரலைத் தொட்டுக் காட்டினாள். "கால்ல புண்ணு. ஒக்காந்து காலத் தூக்கி வச்சாதான் ஆறும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வாரத்துல ஒரு நாள் போதும்மா. வேற ஒண்ணும் வேணாம்."

ஃபாத்திமா டவலை வாங்கி ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். "நான் எழுதறேம்மா" என்று கடைசியில் சொன்னாள். "மூணு பேர்ல நான் ஒருத்தி. எழுதறேன்."

அவள் உள்ளே போன பிறகு ஜெயலட்சுமி கதவைச் சாத்தினாள். திட்டவில்லை. சாயங்காலம் வரை அந்தக் கதவு திறக்கவும் இல்லை. மற்ற மூன்று பேருக்கும் உள்ளே சாப்பாடு போட்டார்கள். பாஞ்சாலியும் பெட்டியும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெறும் வயிற்றோடு நடந்தார்கள்.

"சொல்லிட்டியே" என்றாள் பெட்டி வழியில்.

"சொல்லிட்டேன்."

"எனக்கு வாயே வரல. ரெண்டு பன்னு வாங்கித் தரேன், வா."

ஒரு வாரத்தில் அப்பாதுரைக்கு உத்தரவு வந்தது. ஆனால் அத்திபெலேவுக்கு இல்லை. அல்சூர் பக்கம் ஒரு நாற்சந்தியில் பகல் முழுதும் நிற்கிற டியூட்டி. கஸ்தூரிரங்கன் கோபக்காரர் இல்லை என்று ஸ்டேஷனில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

மார்ச் முடிவில் கமிட்டியின் அறிக்கை வந்தது. கோவிந்தன் அதன் சுருக்கத்தைக் கன்னடப் பேப்பரில் படித்துவிட்டு அப்பாதுரைக்குச் சொன்னார். அதிகாரிகளின் வீடுகளில் எந்தக் கான்ஸ்டபிளும் வேலை செய்வதாகத் தெரியவில்லை. விசேஷ நாட்களில் காவலர் குடும்பத்துப் பெண்கள் தாமாக முன்வந்து உதவுவது, மேலும் கீழும் ஒரே குடும்பமாகப் பழகுவதைக் காட்டுகிறது. வார லீவு ஒழுங்காகக் கொடுக்கப்படுகிறது. ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள்; புதிதாக ஆள் எடுக்கச் செலவு தேவையில்லை. கீழே மூன்று பேருடைய பெயரும் இருந்தது.

"எழுதறேன்னாங்களே அந்தம்மா" என்றான் அப்பாதுரை.

"எழுதியிருக்காங்களேப்பா. உன் பொண்டாட்டி சொன்னதும் இருக்கு, மேடம் சொன்னதும் இருக்கு. ரெண்டையும் ஒண்ணா கலக்கி வச்சிட்டாங்க."

ஏப்ரலில் புண் கறுத்துவிட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். டாக்டர் மூன்று மாத ஓய்வு எழுதிக் கொடுத்தார். லீவு விண்ணப்பம் மேலே போனது. பத்து நாளில் ஒரு மெமோ திரும்பி வந்தது.

அதை எடுத்துக்கொண்டு கோவிந்தன் வார்டுக்கு வந்தார். அப்பாதுரை கட்டிலில் படுத்திருந்தான். கால் தலையணைமேல் இருந்தது. பாஞ்சாலி தரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா போட்டிருக்காங்க?"

கோவிந்தன் கண்ணாடியைத் துடைத்தார். "அதாவதும்மா... ஆறு மாசத்துல இருபத்தாறு நாள் லீவு எடுத்திருக்கான். கையெழுத்து இருக்கு. அத்தினி நாள் லீவு குடுத்தும் இவன் ஏன் டாக்டர் சொன்ன மாதிரி ரெஸ்ட் எடுக்கலன்னு கேக்குறாங்க. தன் உடம்ப தானே கெடுத்துக்கினா அதுக்கு டிபார்ட்மென்ட் எப்படி லீவு குடுக்கும்னு கேக்குறாங்க."

அப்பாதுரை கூரையைப் பார்த்தான். மேலே மின்விசிறி ஓடவில்லை.

"பேஜார் வேணாம். நானே ஒரு பதில் டைப் பண்ணி எடுத்தாந்துட்டேன். கன்னடத்துல கீது. வார லீவு நாள்ல ஓய்வு எடுக்காதது என்னோட தப்பு, மன்னிச்சு லீவு குடுங்கன்னு. ஒரே ஒரு கையெழுத்து. அப்புறம் லீவு சாங்ஷன் ஆய்டும், நான் பாத்துக்கறேன்."

அப்பாதுரை கையை நீட்டினான். நீட்டிய கையில் பாஞ்சாலி ஆரஞ்சுச் சுளையை வைத்தாள்.

"நீ சாப்புடுய்யா."

"பாஞ்சாலி, லீவு வேணும்மே."

"வேணும். பொய் சொல்லாமயே கேப்போம். பொய் சொல்லித்தான் விரல் போச்சு." அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கோவிந்தனிடம் திரும்பினாள். "ஒரு வெள்ளப் பேப்பரு குடுங்கண்ணா. பேனாவும்."

அவள் அல்சூரில் தமிழ் ஸ்கூலில் ஏழாவது வரை படித்தவள். ஆரஞ்சு வைத்திருந்த தட்டைக் கவிழ்த்து அதன்மேல் பேப்பரை வைத்துக்கொண்டாள். நினைவுக்கு வந்த வரிசையில் எழுதினாள்.

ஒரு திங்கட்கிழமை, அல்சூர் ஏரியில் பிள்ளையார் கரைக்கிற கூட்டத்தில் விடியும்வரை. ஒரு திங்கட்கிழமை, மந்திரி மகள் கல்யாணத்தில் கார் நிறுத்துகிற இடத்தில். தீபாவளித் திங்கட்கிழமை, ஐயா வீட்டு நாய் வெடிக்குப் பயந்து ஓடியது, ஃப்ரேசர் டவுன் முழுக்கத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த திங்கட்கிழமை, அதே நாய் கடித்து ஊசி. ஊசி போட்டுக்கொண்டு மறுபடியும் டியூட்டி. மூன்று திங்கட்கிழமை, ஐயா வீட்டுக்கு வெள்ளையடித்தது. இரண்டு திங்கட்கிழமை, இவருக்கு ஜுரம், இவர் டியூட்டியை நான் செய்தேன். காலில் ஆணி குத்தியது அங்கே தோட்டத்து வேலி கட்டிய திங்கட்கிழமை.

இப்படியே எழுதி எழுதிப் பத்தொன்பது வந்தது. மிச்சம் ஏழு எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை. 'ஏழு நாள் எனக்கு ஞாபகம் இல்லை, வீட்டில் இல்லை என்பது மட்டும் தெரியும்' என்று எழுதினாள். கீழே தன் பெயரை எழுதி, 'வெளி டியூட்டி' என்று போட்டாள். அப்பாதுரை வாங்கிப் படித்தான். வெகுநேரம் படித்தான். பிறகு அவள் பெயருக்குப் பக்கத்தில் தன் முழுப் பெயரையும், ஓர் எழுத்துகூட விடாமல், எழுதினான்.

கோவிந்தன் பேப்பரைக் கையில் வாங்காமலேயே எட்டிப் பார்த்தார்.

"இது வேலைக்காவாதும்மா. தமிழ்ல கீது. ஆபீஸ்ல இத யாரு படிப்பாங்க?"

பாஞ்சாலி பேப்பரை நான்காக மடித்து அவருடைய சட்டைப் பையில் வைத்தாள்.

"படிக்கிறதுக்கு ஒரு ஆளப் போடச் சொல்லுங்கண்ணா. வேண்டிய அளவு ஆளுங்க இருக்காங்கன்னுதான அறிக்கையில எழுதியிருக்காங்க."