பெரும்புள்ளி

மெக்கானிக் அந்த வீட்டுப் படியேறுவது இது நான்காம் முறை. சட்டைப்பையில் கடையின் சீட்டு இருந்தது: 'வேலை திருப்தி' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. மூன்று முறையும் அது வெறும் கோடாகவே திரும்பியது. "இன்னிக்கும் கையெழுத்து இல்லாம வந்தா, நாளையிலேருந்து குடோன்ல பெட்டி தூக்குங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். திருப்புளி எடுக்கக் குனிந்தாலே ஐயோ என்கிற இடுப்பு அவருடையது. குடோன் என்றால் அதோடு சரி.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பொறியாளர். புதிதாக வாங்கிய ஹோம் தியேட்டர் ரிசீவரோடு வந்த கையேட்டை மூன்று நிற மையில் கோடு போட்டுப் படித்தவர். "ரெண்டு நாள் கேட்டுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்பார். அந்த இரண்டு நாளில், ஓடிக்கொண்டிருப்பதைக் கையேட்டின்படி சரிசெய்து நிறுத்திவிடுவார்.

மெக்கானிக் ரிசீவரைத் திருப்பிப் பார்த்தார். டி.வி. கேபிள் 'இன்' துளையில் செருகியிருந்தது.

"இது அவுட்ல இருக்கணும் சார்."

"டி.வி.க்கு உள்ளதானே போகுது? அப்ப இன். முப்பது வருஷம் பாலம் கட்டினவன்ப்பா நான்."

"பாலத்துல ரெண்டு பக்கமும் போய் வரலாம் சார். இதுல முடியாது."

சமையலறையில் யாரோ சிரித்தார்கள். அந்த வீட்டில் அவரையும் மனைவியையும் தவிர யாருமில்லை. மெக்கானிக் கேபிளைப் பிடுங்கி 'அவுட்'டில் செருக, சார் பேச்சை மாற்றினார்.

"அஞ்சு புள்ளி ஒண்ணுன்னு வாங்கினேன். அஞ்சு ஸ்பீக்கர் இருக்கு. அந்தப் புள்ளி எங்க?"

மெக்கானிக் மூலையிலிருந்த வூஃபர் பெட்டியைக் காட்டினார்.

"இருக்கறதுலயே பெரிசு அதானேப்பா!"

"ஆமா சார். பேச்சு வராது. சும்மா தும்தும்னு அதிரும்."

"பெரும்புள்ளி" என்றார் அம்மா, தண்ணீர் டம்ளரை வைத்தபடி. கணவர் பக்கம் திரும்பவில்லை.

சோபாவுக்குப் பின்னாலிருந்த இரண்டு ஸ்பீக்கருக்கும் வயர் மாறியிருந்தது. மெக்கானிக் இரண்டையும் பிடுங்கி நுனியைச் சீவிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. அம்மாவின் தம்பி. போன மாதம் தன் வீட்டில் பெரிய டி.வி. வாங்கி, அத்தானை வரவழைத்துக் காட்டியவர். சார் கதவைத் திறந்த வேகத்திலேயே படத்தைப் போட்டுவிட்டார். திரையில் ஹெலிகாப்டர் எழும்பியது.

"மச்சான், பின்னாடி கேளு! தலைக்கு மேல சுத்துதா?"

மச்சான் கண்ணை மூடினார். "சுத்துது அத்தான். ஆனா இடது பக்கம் கொஞ்சம் தூக்கல்."

"அது அப்படித்தான் இருக்கணும். கையேட்டுல போட்டிருக்கு."

பின்னால் நின்ற மெக்கானிக்கின் கையில் இன்னும் மாட்டாத நான்கு வயர் நுனிகள். வாயைத் திறந்தார். அம்மா அவரையும் வயரையும் பார்த்தார்.

"என்னங்க, இவ்வளவு நல்லா வந்திருக்கே, அந்தச் சீட்டுல கையெழுத்துப் போடுங்களேன்."

மச்சான் முன்னால் மறுக்க முடியுமா? போட்டார். 'மிகவும்' என்று ஒரு சொல்லும் கூடவே எழுதினார்.

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "அஞ்சு நிமிஷம்மா. மாட்டிட்டே போயிடறேன்."

"வேண்டாம்ப்பா. மாட்டினா, இருந்த சத்தம் போயிடுச்சுன்னு திரும்பக் கூப்பிடுவாரு." வயர்களை வாங்கிக் கம்பளத்தின் அடியில் காலால் தள்ளினார். "அதுவுமில்லாம, அந்தப் பின்னாடி ஸ்பீக்கர் நான் உக்கார்ற இடத்துல என் காதுக்கு நேரா இருக்கு."

கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினார் மெக்கானிக். பெரும்புள்ளியின் அதிர்வு கைப்பிடி வரை வந்தது. அதையும் மீறி சாரின் குரல்:

"இப்ப வலது பக்கம் கேளு!"