திருத்தாத அத்தியாயம்

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில், அதாவது வைவாவில், தேர்வாளர் என்ன சொன்னாலும் "திருத்திக்கிறேன் ஐயா" என்று சொல்லிவிட வேண்டும். தமிழ்த்துறையில் அதுதான் வழக்கம். சொல்லிவிட்டால் முத்துமீனா மதியத்துக்குள் டாக்டர். அடுத்த வாரம் மேலூரில் ஒரு கல்லூரியில் வேலை காத்திருக்கிறது. பட்டம் இல்லாமல் அங்கே போக முடியாது.

அவள் ஏழு வருடம் ஆராய்ந்தது ஒரு பழைய நாவலின் நாயகியை. கதையில் அவளை விரட்டிவிட்ட கணவன் பல வருடம் கழித்து வந்து கூப்பிடுகிறான். நாயகி சண்டை போடவில்லை. சோறு போட்டு, வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். அதுதான் மனஉறுதி என்று ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தாள் முத்துமீனா.

"இது மனஉறுதி இல்லம்மா, திமிரு. அந்த அத்தியாயத்த மாத்துங்க," என்றார் வெளியூர்த் தேர்வாளர்.

அவளுடைய ஆய்வு நெறியாளர் அழகுபாண்டி அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்.

"மாத்த முடியாதுங்கய்யா. திமிரு புடிச்சவ சோறு போட மாட்டா," என்றாள் முத்துமீனா.

யாரோ பின்னால் சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி வைவா என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"மேலூர் வேலை போச்சே தாயி," என்றார் அழகுபாண்டி.

"போகட்டும்ங்கய்யா. அம்புட்டு யோசிச்சு எழுதினத நானே பொய்யின்னுட்டு, அங்க போயி பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்க?"