தட்டை இழுத்தவள்

மேடையில் அந்தப் பெண் வெடிமருந்துத் தட்டைத் தரையோடு இழுத்தாள். கர்ரென்ற சத்தம் மண்டபம் முழுக்க ஓடியது. தட்டுக்கு அடியில் சின்ன மைக் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். செல்லோ நின்றது, பறை நின்றது, சிவப்பு விளக்கு எரிந்தது. பாடகி கழுத்து நரம்பு தெரியப் பாடினாள்: "இழுத்தாள் அவள், இழுத்தாள்." பாட்டுக்கு அடியில் இன்னொரு பெண்குரல் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. அது ஷைலாவின் குரல். பின்வரிசையில் இருந்த ஜாபஸ் எழுந்துவிட்டான்.

அவன் மனைவி ஷைலா செத்துப் பதினோரு மாதம் ஆகிறது. அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து செலுத்தும் அறை வெடித்ததில் அதோடு போனாள். அதற்குப் பிறகு ஜாபஸுக்கு எதுவும் உறைக்கவில்லை. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான், சாமி படங்களுக்குப் பின்னால் நிறம் மாற்றினான், வீட்டுக்குப் போனான். மாசியில் சென்னையிலிருந்து நாடக இயக்குநர் ஸ்ரீராம்குமார் வந்தார். பாட்டும் ஆட்டமும் கவிதையும் ஒன்றாகக் கலந்த புதுவிதமான ஓபரா செய்வதாகச் சொன்னார். வெளிநாட்டு ராஜா ராணி கதையெல்லாம் வேண்டாம், இந்த ஊர் ஒப்பாரியும் சர்ச் பாட்டும் போதும் என்றார். ஷைலா சர்ச் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடியதை ஜாபஸ் போனில் பிடித்து வைத்திருந்தான். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. கேட்டார், அனுப்பினான். நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டான். அன்றைக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

இப்போது வரிசையை விட்டு வெளியே வந்தான்.

"அவ இழுக்கல சார்."

ஸ்ரீராம்குமார் கையைத் தூக்கி ஒத்திகையை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "உட்காருங்க ஜாபஸ். இது ஷைலா இல்ல, ஒரு படிமம்."

"அப்ப அடியில ஓடுற குரல் யாரோடது?"

வெடித்ததற்குக் காரணம், தட்டை இழுத்த உராய்வாம். போலீஸ் அதைத்தான் எழுதியது, பேப்பர் அதைத்தான் போட்டது, கம்பெனியும் அதைத்தான் சொன்னது. தொழிலாளியின் அஜாக்கிரதை. ஷைலா வீட்டில் ஒரு முக்காலியைக்கூட இழுக்க மாட்டாள். நிறைந்த அரிசி டிரம்மை இடுப்பு வலிக்கத் தூக்கித்தான் நகர்த்துவாள். கட்டிலை இழுத்தால் அவனை அடிக்க வருவாள். ஆறு வருஷம் மருந்தோடு இருந்தவளின் உடம்பு அது.

"ஒரு ரூமுக்கு நாலு பேருதான் சார் இருக்கணும். ஆர்டர் முடியலன்னு ஒன்பது பேர வச்சாக. மூணு மணி நேரம் உங்ககிட்டச் சொன்னேன். நீங்களும் எழுதுனீக. அது எங்க?"

"முதல் வடிவத்துல இருந்துச்சு." ஸ்ரீராம்குமார் வாசல் பக்கம் பார்த்தார். "மண்டபம் குடுத்தவங்க கேட்டுக்கிட்டாங்க. அவங்க பட்டாசு முதலாளிங்கதானே. எனக்கும் தோணுச்சு, எண்ணிக்கையெல்லாம் கவிதைக்குள்ள உட்காராதுன்னு."

கோரஸுக்குப் பிடித்து வந்திருந்த உள்ளூர்ப் பெண்கள் மேடை ஓரத்தில் இருந்தார்கள். எல்லாரும் பட்டாசு வேலைக்காரிகள். அவர்களில் தங்கத்தாய் சிரித்தாள்.

"எங்க ரூம்ல எட்டு பேரு சார். கவிதைக்குள்ள உக்கார மாட்டோம்னு அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா வெளிய வந்திருப்போம்லா. இந்த ஒரு பாட்டுக்கு எங்களுக்கு நாலு மாசம் பயிற்சி குடுத்தீக. மருந்து செலுத்த அரை நாளுதான் சொல்லிக்குடுத்தாக."

"அவ குரல எடுத்துருங்க," என்றான் ஜாபஸ்.

"ஆறு மணிக்கு ஷோ. மொத்த இசையையும் அது மேலதான் கட்டியிருக்கோம். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

ஜாபஸ் ஒலிப்பெட்டியை நோக்கிப் போனான். வயர்களைப் பிடுங்கி எறியத்தான் போனான். அங்கே குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த மறந்திருந்தார்கள். இரண்டு அடிகளுக்கு நடுவே ஷைலா மூச்சை இழுத்தாள். வயரைப் பிடித்த கை அப்படியே நின்றது. பதினோரு மாதமாக இல்லாத வெறி மண்டைக்கு ஏறியது. அவளுடைய வாயை வைத்தே அவள்மேல் பழி போடுகிறார்கள்.

வயரை விட்டான். மேடையேறி, ஆட்டக்காரர்களுக்கு இடம் குறிக்க வைத்திருந்த சாக்பீஸை எடுத்தான். ஷைலாவின் அறையை அவன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான், வெடித்த பிறகு, கூரையில்லாமல். அன்றைக்கு எதற்கென்று தெரியாமல் அதை நடந்து அளந்தான். அந்தக் கணக்கு காலுக்கு நினைவிருந்தது. நடந்து நடந்து நான்கு கோடு போட்டான்.

"அக்கா, உள்ள வாங்க."

தங்கத்தாய் வந்து சம்மணமிட்டாள். பின்னால் முத்துச்செல்வி வந்தாள். அவன் எண்ணிக்கொண்டே கூப்பிட்டான். எட்டு பேர் ஆனதும் தட்டு வைத்திருந்த ஆட்டக்காரியைப் பார்த்தான். அவள் ஸ்ரீராம்குமாரைப் பார்த்தாள். பிறகு சலங்கையோடு வந்து இடுக்கில் உட்கார்ந்தாள்.

"கை தூக்க இடமில்லியே," என்றாள்.

"பக்கத்துல இருக்கவ தும்முனா நமக்குக் குலுங்கும்த்தா," என்றாள் தங்கத்தாய்.

"ஜாபஸ், இறங்குங்க. ஆட்கள் வர ஆரம்பிச்சிட்டாங்க."

வாசலில் கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. மண்டபம் கொடுத்த முதலாளிகளின் வெள்ளைச் சட்டைகள் உள்ளே வந்தன. யாரோ பன்னீர் தெளித்தார்கள்.

"இப்ப இழும்மா," என்றான் ஜாபஸ்.

ஆட்டக்காரி தட்டை வைக்கத் தரையைத் தேடினாள். எங்கும் முழங்கால்கள். தட்டு மூன்று பேர் மடிமேல் சாய்ந்து நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் முன்வரிசையில் உட்காராமல் நின்றபடி மேடையைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவருடைய உதடுகள் மெல்ல அசைந்தன. கோட்டுக்குள் இருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.