முகம் மறைத்த ஆட்டம்

படிக்கட்டின் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் மாட்டிக்கொண்டது. கீழ்ப்பக்கம் பிடித்திருந்த வண்டி ஓட்டுநர் இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொன்னார். அண்ணனுக்குக் கை வரவில்லை. சாய்த்தால் தங்கச்சி வழுக்கிவிடுவாள், அடிபட்டுவிடும் என்று பயந்தார். அவள் இறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

கடைசியில் இரண்டு பேருமாக அவளைத் திருப்பத்திலேயே இறக்கிவைத்தார்கள். ஓட்டுநர் இன்னொரு ஆளைக் கூட்டிவரக் கீழே போனார். அண்ணன் அவள் கால்மாட்டில் நின்றார்.

அவர் ஒரு பெரிய துணிக்கடையில் சூப்பர்வைசர். அங்கே விற்பனைப் பெண்கள் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை நின்றே ஆகவேண்டும். ஈ ஓட்டும் நேரத்திலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பெயர் எழுதுவது அவர் வேலை. தங்கச்சி நடனம் சொல்லிக்கொடுப்பவள். இதைக் கேள்விப்பட்டபோது அவள் அண்ணனிடம் சண்டைக்கு வரவில்லை. அந்தப் பெண்களில் பதினொரு பேரைச் சேர்த்து ஓர் ஆட்டம் கட்டினாள்.

விடுமுறை நாளொன்றில், கடைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் ஆடினார்கள். பாட்டு கிடையாது, கைதட்டல்தான் தாளம். துணியை விரிப்பார்கள், மடிப்பார்கள், கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். முழங்கால் மெல்ல மடிந்து உட்காரப்போகிற நேரத்தில், யாரோ அதட்டியதுபோல் பதினொரு பேரும் வெடுக்கென்று நிமிர்வார்கள். வேலைக்கு ஆபத்து வரக் கூடாதென்று எல்லார் முகத்தையும் துணியால் மூடியிருந்தாள். வந்த பேருந்தை விட்டுவிட்டு ஜனங்கள் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் ஊரெல்லாம் கைபேசியில் அந்த ஆட்டம்தான்.

முதலாளி அண்ணனை அறைக்குள் அழைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினார். எட்டு வருடமாக அந்தப் பெண்களைப் பின்னாலிருந்தே கவனித்து வந்தவர் அவர். முகம் எதற்கு? நடையை வைத்தே மூன்று பேரைச் சொல்லிவிட்டார். மறுநாள் மூவருக்கும் வேலை போனது. நான்கு மாதம் கழித்து, ஊர் வாய்க்குப் பயந்து கடையில் எல்லாருக்கும் முக்காலி போட்டார்கள். அந்த மூவரை மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை.

தங்கச்சி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்காமல் இருக்கிறாள் என்று அவராகவே முடிவுசெய்துகொண்டு, அவளுடைய இந்த வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

ஓட்டுநருடன் நெட்டை ஏறி வந்தாள். உயரத்துக்காகக் கடையில் வைத்த பெயர். மூவரில் ஒருத்தி. அழுது முகம் வீங்கியிருந்தது. அண்ணனைக் கண்டதும், பழைய பழக்கத்தில், ஒதுங்கி நின்றாள்.

"சார், அக்கா உங்ககிட்ட சொல்லிருக்க மாட்டாங்க," என்றாள். "எங்களுக்கு வேலை போனது தன்னாலதான்னு மறுகிக்கிட்டே இருந்தாங்க. முகத்த மறைச்சேன், நடைய மாத்திக் குடுக்காம விட்டுட்டேனேன்னு."

அவர் குனிந்து, தங்கச்சியின் மேல் போர்த்தியிருந்த துணியை இழுத்துவிட்டார்.

"இன்னிக்குக் காலையில மேல பயிற்சி அறையிலயும் அதான் சார். ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை பாக்கறவங்களுக்கு ஒரு ஆட்டம். ஒவ்வொருத்தருக்கும் வேற நடை கத்துக்குடுத்துட்டிருந்தாங்க. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவங்க எந்திரிக்கல."

"அது அவ தப்பு இல்ல," என்றார் அண்ணன். "நான்தாம்மா காட்டிக்குடுத்தேன். உங்க மூணு பேரையும்."

ஓட்டுநர் சுவரைப் பார்த்துக்கொண்டார். நெட்டை அண்ணனை நேராகப் பார்த்தாள்.

"இத அக்கா இருக்கும்போது சொல்லிருக்கலாமே, சார்."

அவ்வளவுதான். குனிந்து, அண்ணன் பிடித்திருந்த பக்கத்துக் கம்பியை அவள் பிடித்துக்கொண்டாள். பிறகு ஸ்ட்ரெச்சர் எங்கும் இடிக்கவில்லை. அவர் பக்கவாட்டில் கையை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினார். தெருவில் காத்திருந்த, அவளிடம் ஆடிய பெண்கள் தங்கச்சியை வாங்கி வண்டிக்குள் வைத்தார்கள்.

மேலே ஃபேன் ஓடுகிறது, நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார் ஓட்டுநர்.

அண்ணன் மாடியேறிப் பயிற்சி அறைக் கதவைத் தள்ளினார். தரையெங்கும் சுண்ணக்கட்டியால் வரைந்த பாதங்கள். யார் எந்தக் காலை எங்கே வைக்க வேண்டும் என்று தங்கச்சி காலையில் போட்டுவைத்தவை. ஸ்விட்ச் எதிர்ச்சுவரில் இருந்தது. அவர் செருப்பைக் கழற்றினார். சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒன்றின்மேலும் கால் படாமல், பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகர்ந்து போனார்.