எந்த ஊர்க் கணக்கு

பெங்களூர்க்காரர்களுக்கு கோகிலா வெளியூர்க்காரி. இங்கே மாரண்டஹள்ளியில் இருப்பவர்களுக்கு அவள் பெங்களூர்க்காரி. இந்த இழுபறியிலேயே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

புருஷன் மாதுவோடு பெங்களூரில் கட்டட வேலை செய்தவள் அவள். போன வருஷம் அங்கேயே பிரசவம். குழந்தைக்கு முதுகெலும்பு மூடாமல் திறந்திருந்தது. நாலைந்து நாள்கூடத் தங்கவில்லை. இப்படிக் குறையோடு பிறக்கும் குழந்தைகளை அந்த நகரத்தில் கணக்கெடுக்கிறார்கள். நல்ல காரியம்தான்; கணக்கில் வந்தால் அடுத்த பிரசவத்துக்கு முன்பே தாயைத் தேடி நர்ஸ் வருவாள். ஆனால் மாது காட்டிய ரேஷன் கார்டில் மாரண்டஹள்ளி என்றிருந்தது. நகரத்தில் குடியிருப்பவர்கள் மட்டும்தான் கணக்கில் வருவார்கள் என்று அங்கே தள்ளிவிட்டார்கள். பிறந்தது இங்கே இல்லையே என்று இங்கே ஒரு ஆபீசில் திருப்பி அனுப்பினார்கள். ரொம்ப ஒழுங்கான மனிதர்கள்!

ஒருவழியாகத் தகவல் கிராம நர்ஸ் சசிகலாவுக்கு வந்து சேர்ந்தது. வெயிலில் அலைந்து கால் கடுத்துப்போய்த்தான் கோகிலாவின் அம்மா வீட்டுக்கு வந்தாள். வாசலில் கோகிலா தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த கொழந்த நிக்கறதுக்கு முன்னாடியே இந்த ஃபோலிக் ஆசிட் மாத்திரைய ஆரம்பிச்சிடணும் கண்ணு. முதுகுல அந்தக் கொற திரும்ப வர்றது கொறையும்.”

கோகிலாவின் கை நின்றது. வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“மூணாம் மாசம் முடியப்போவுதுங்க. அதுவரைக்கும் வெளிய மூச்சு வுடக்கூடாது, கண்ணு பட்டுடும்னு அம்மா சொல்லிடுச்சு. அதான் உங்ககிட்டகூடச் சொல்லல.”

சசிகலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இப்ப சாப்புட்டா சரியாப் போயிடுங்களா?”

பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதற்கும் தெம்பு இல்லை.

“மொத மாசத்துலயே முதுகு மூடிக்கும் கண்ணு. மாத்திர அதுக்கு முன்னாடியே ஒடம்புல இருந்திருக்கணும். பயப்படாத, பெரும்பாலும் திரும்ப வராது. நாளைக்கே தருமபுரிக்குப் போயி டாக்டரப் பாத்து, எப்ப ஸ்கேன் எடுக்கணும்னு கேட்டுக்கலாம். நானும் வரேன்.”

கோகிலா அழவில்லை. அழுகல் தக்காளி ஒன்றை எடுத்துத் தள்ளிப் போட்டாள். அப்புறம் சண்டைக்கு இழுக்காத குரலில், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“ஏங்க, செத்துப்போன கொழந்தைய எந்த ஊருக் கணக்குல சேக்கறதுன்னா ஒரு வருசமா பாத்துட்டு இருந்தீங்க?”

“ஆமா கண்ணு” என்றாள் சசிகலா.